எட்டுச் செலவுக்குச் சுட்ட சார் சியூ

என் கணவருடைய வெட்டுப்பலகை, கத்தி, தட்டு, தேன் பூசும் தூரிகை எல்லாம் தனி. அவற்றின் இடம் குசினி அல்ல, தோட்டத்து ஷெட். புல் வெட்டும் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் வந்தால், அன்றைக்கு வீட்டில் பன்றி இறைச்சி சுடப்போகிறார் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை கூடாது, சதுர்த்தி கூடாது, கந்தசட்டி கூடாது, நவராத்திரி கூடாது, திருவெம்பாவை கூடாது. கலண்டரில் மிச்சம் கிடக்கிற நாட்களில் அவர் ராஜா. இந்தச் சட்டதிட்டம் எல்லாம் நான் போட்டவை. அவர் ஒன்றுக்கும் மறுப்புச் சொன்னதில்லை, ஷெட் சாவியை மட்டும் அடிக்கடி தொலைப்பார்.

அவர் சுடுவதற்குச் சீனர்கள் வைத்த பெயர் சார் சியூ. சைனா டவுன் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாக, மினுங்கிக்கொண்டு, கம்பியில் தொங்குமே, அதுதான். நான் அதை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. நான் சைவமும் இல்லை. ஆடு, கோழி, மீன், நண்டு எதுவானாலும் ஒரு கை பார்ப்பேன். பன்றி மட்டும் நான் பிறந்த வீட்டில் இல்லாத பழக்கம், அவ்வளவுதான். அவர் துண்டு துண்டாக வெட்டி அடுக்கிய தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இஞ்சேரும், ஒரு துண்டு" என்பார். "அங்காலை கொண்டுபோங்கோ" என்பேன். மகளும் அவரும் வெள்ளைச் சோற்றோடு அதை மூக்குமுட்டச் சாப்பிடுவார்கள். நான் என் கத்தரிக்காய்க் குழம்போடு எதிரே இருந்து இரண்டு பேரையும் நக்கலடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தமில்லை. வேறு வேறு கறிதான், ஆனால் ஒரே மேசை.

அவர் அதைப் படித்தது ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையின் நிலக்கீழ்க் குசினியில். லண்டனுக்கு வந்த முதல் மாரிக் குளிரில் அங்கே கோப்பை கழுவினார். அகதிக் கேஸ் முடியவில்லை, கையில் ஒன்றுமில்லை, ஒரே அறையில் அடைந்து கிடந்த பெடியன்களில் ஒருவர். அப்போது பல நாள் வெறும் பாணும் தேத்தண்ணியும்தான் என்று கல்யாணம் செய்த புதிதில் எனக்குச் சொன்னார். அந்தக் கடையில் இறைச்சி சுடுகிறவர் ஹொங்கொங்கில் இருந்து வந்த வயதான மனிதர். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஒருநாள் அவர் இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கையில் இருந்து வாங்கி வைத்துவிட்டு, சோற்றின்மேல் நாலைந்து துண்டு இறைச்சியை வைத்துக் கொடுத்திருக்கிறார். இவர் என்ன ஏதென்று கேட்காமல் தின்றிருக்கிறார். அது பன்றி என்று ஒரு கிழமை கழித்துத்தான் தெரியவந்ததாம். "தெரிஞ்ச உடனை விட்டிருக்கலாம் தானே?" என்று கேட்டேன். "இந்த ஊரிலை எனக்கு முதல் முதல் சோறு போட்ட மனுசன். அவர் தந்ததை எப்பிடி விடுறது?" என்றார். அதற்குப் பிறகு நான் சட்டம் போட்டேனே தவிர, தடுத்ததில்லை.

சுடுகிற நாளில் அவருக்குப் பக்கத்தில் யாராவது நிற்கவேண்டும். தனியே சமைக்கத் தெரியாத மனிதர். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு குசினி வாசலில் நிற்பேன், அவர் கிரிக்கெட் வர்ணனை சொல்கிறவர் போலச் சொல்லிக்கொண்டே செய்வார். தோள் பக்கத்து இறைச்சிதான் வேண்டும், கொழுப்பு ஓடியிருக்கவேண்டும். நீளவாட்டில் பட்டி பட்டியாக வெட்டவேண்டும். சோயா சோஸ், ஹொய்சின் சோஸ், சீனி, அரிசி வைன், உள்ளி, ஐந்து சரக்குத் தூள், போத்தலில் வரும் சிவப்புச் சோயாக் கட்டி இரண்டு மசித்து எல்லாம் சேர்த்துப் பிரட்டி ஓர் இரவு பிரிட்ஜில் வைக்கவேண்டும். அடுத்தநாள் ஓவனின் மேல்தட்டில் கொழுக்கி போட்டுத் தொங்கவிட்டு, கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கொழுப்புச் சொட்டி வீடெல்லாம் புகை. கடைசியில் மோல்ட்டோஸ் என்கிற சீனிப்பாணியைச் சூடாக்கிப் பூசவேண்டும். பூசிச் சுட்டு, திரும்பவும் பூசிச் சுட்டு, ஓரம் கருகுகிற நேரம் பார்த்து எடுக்கவேண்டும். கருகாவிட்டால் அது சார் சியூ இல்லையாம். அவர் கருக்குகிற நேரம் ஸ்மோக் அலாம் கத்தும். நான் ஒரு துவாயோடு அதன் கீழே நின்று விசுக்குவேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அவருக்கு ஒரு கட்டளை உண்டு. இந்த இறைச்சியைக் கழுவக்கூடாது, மஞ்சள் கிட்டவும் வரக்கூடாது. எங்கள் ஆட்கள் எந்த இறைச்சியையும் மஞ்சள் போட்டு, தண்ணீர் தெளிகிற மட்டும் கழுவாமல் அடுப்பில் ஏற்றமாட்டோம். ஒருமுறை உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் மஞ்சள் போத்தலைத் தூக்க, அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். "மஞ்சள் பட்டால் அது குழம்புக்கு வைச்ச இறைச்சியடி" என்றார். கோபம் வந்தால்தான் எனக்கு அந்த "அடி" கிடைக்கும்.

போன மாரியில் ஒரு நாள் காலை வேலைக்குப் போனார். பஸ் ஓட்டுகிற வேலை. முதல் ஓட்டம் முடித்து, டிப்போவில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து இருந்தவர், அப்படியே சரிந்தார். மாரடைப்பு. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர்ந்தபோது ஒரு வெள்ளைக்காரத் தாதி என் கையைப் பிடித்துக்கொண்டு மிகவும் மெதுவாகக் கதைத்தாள். அவள் மெதுவாகக் கதைத்ததில் இருந்தே விளங்கிவிட்டது. பிறகு நடந்தவற்றை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆட்கள் வந்தார்கள், சாப்பாடு கொண்டுவந்தார்கள், சவச்சாலைக்கும் கவுன்சிலுக்கும் போன் எடுத்தார்கள். சுடலையில் சவப்பெட்டி திரைக்குப் பின்னால் போனபோதும் நான் அழவில்லை. "மனுசிக்கு நெஞ்சழுத்தம்" என்று யாரோ பின்வரிசையில் சொன்னது கேட்டது. ஷிப்ட் முடிந்து பின்னேரம் வீட்டுக்கு வரப்போகிற ஆளுக்கு யாராவது அழுவார்களா?

அவருடைய அக்கா, என் மச்சாள், வடக்கு லண்டன் எட்மண்டனில் இருந்து வந்து எங்களோடு தங்கினார். சடங்கு சம்பிரதாயத்தில் அவரை யாரும் அசைக்கமுடியாது. எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவை அவர்தான் எடுத்து நடத்தினார். செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள் கழியும் வரை மரக்கறிதான். ஆனால் எட்டுச் செலவன்று மட்டும் செத்தவருக்கு விருப்பமான மச்ச மாமிசம், குடிவகை எல்லாம் ஆக்கிப் படைப்போம். அது அவர் இந்த வீட்டில் சாப்பிடுகிற கடைசிச் சாப்பாடு. ஊரில் நாள் கணக்குப் பார்த்து வைப்பார்கள். லண்டனில் சுடலைக்கே வரிசையில் நிற்கவேண்டும், அதனால் எட்டு என்பது எல்லோருக்கும் லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை.

ஆட்டுக்கறி, விளைமீன் குழம்பு, நண்டு, இறால் பொரியல், முட்டை, ஒரு பிரண்டிப் போத்தல் என்று மச்சாள் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு வாய் திறந்தது.

"பண்டியும் வைக்கவேணும்" என்றேன்.

மச்சாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உமக்கு விசரே? படையலுக்கு ஆராவது பண்டி வைக்கிறவையே?"

"அவருக்கு விருப்பமானதைத்தானே வைக்கிறது, மச்சாள்."

"அவனுக்கு எத்தினையோ விருப்பம். நண்டு காணும்."

மகள் நல்லபிள்ளை, சண்டை வரப்போகிறது என்று தெரிந்து இடையில் வந்தாள். அவளுடைய தமிழ் பாதி, இங்கிலிஷ் பாதி. சைனா டவுனில் போய் ஒரு பெட்டி வாங்கிவந்து ஓரமாக வைப்போம், மாமிக்கும் தொடவேண்டி வராது என்றாள். அவர் கடைச் சார் சியூவைச் சாப்பிட்டதே இல்லை, வெறும் கலர் என்று சொல்லுவார். கடைசிச் சாப்பாட்டுக்கு அவருக்குப் பிடிக்காததை நான் பெட்டியில் வாங்கி வைப்பதா? நான் கோட்டைப் போட்டுக்கொண்டு இறைச்சிக் கடைக்குப் போனேன்.

சனி பின்னேரம் தோள் இறைச்சியோடு வந்து, ஷெட்டில் இருந்து பெட்டியை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் பழைய பாணியின் மணம் வந்தது. தூரிகையின் மயிரில் அது இறுகிப்போயிருந்தது. அவர் கடைசியாகச் சுட்டபோது சரியாகக் கழுவவில்லை. "ஒரு வேலையையும் ஒழுங்காய்ச் செய்யமாட்டியள்" என்று வாய்விட்டு ஏசினேன். ஏசிவிட்டு அந்தத் தூரிகையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தேன்.

இறைச்சியை வெட்டினேன். அவர் வெட்டுகிற மாதிரியே, நீளவாட்டில், இரண்டு விரல் தடிப்பில். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாயால் தெரியாது, கண்ணாலும் மூக்காலும் தெரியும். சோஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன், மனதுக்குள் அவருடைய வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. மகள் மேலே போனில் யாருக்கோ வீட்டு விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தேன். பிறகு குனிந்து பார்த்தபோது கழுவுதொட்டி முழுக்க மஞ்சள்.

கை தானாகச் செய்திருக்கிறது. வெட்டிய பட்டிகளைச் சட்டியில் போட்டு, மஞ்சள் தூவி, பைப்பைத் திறந்து, தண்ணீர் தெளிகிற மட்டும் பிசைந்து கழுவியிருக்கிறேன். அவ்வளவு இறைச்சியும் பச்சைத் தண்ணீர் குடித்து, மஞ்சளித்து, என் கையில் வழுக்கிக்கொண்டு கிடந்தது. நேரம் போய்விட்டது, கடை பூட்டியிருப்பான். நான் சட்டியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று கத்தினேன். அது அழுகைதான். சவப்பெட்டி போனபோது வராதது ஒரு மஞ்சள் போத்தலுக்கு வந்தது.

மச்சாள் ஓடிவந்தார். "என்ன, கையை வெட்டிப்போட்டீரோ?"

"மஞ்சள் போட்டிட்டன் மச்சாள். அவர் இதுக்கு மஞ்சள் போடவிடமாட்டார். அவருக்கு மணக்கும். தின்னமாட்டார்."

"ஒரு பண்டித் துண்டுக்கு இப்பிடி அழுறதே? என்ன இருக்குது உதிலை?"

அப்போதுதான் சொன்னேன். முதல் மாரி, நிலக்கீழ்க் குசினி, வெறும் பாண், பாஷை தெரியாத அந்தக் கிழவன், சோற்றுக்கு மேலே வைத்த நாலைந்து துண்டு எல்லாம். மச்சாளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கூடாத சேர்க்கையில் பழகிய பழக்கம் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டே குசினிக் கதிரையில் இருந்தார்.

"அவன் பசியோடை இருந்தவனோ?" என்றார். பிறகு, "எங்களுக்குச் சுகமெண்டுதானே சொல்லிக்கொண்டிருந்தவன். அம்மா ஒவ்வொரு நாளும் சாப்பிடேக்கை கேக்கிறவ, பெடியன் என்ன சாப்பிட்டானோ எண்டு. நான்தான் சொல்லுறனான், அவன் லண்டனிலை ராசா மாதிரி இருப்பானெண்டு" என்றார்.

மச்சாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எழும்பி வந்து, கிச்சின் பேப்பர் உருளையை இழுத்து, என் கையில் இருந்த சட்டியை வாங்கினார். காலம் முழுக்கப் பன்றி என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்காத மனுசி, ஒவ்வொரு பட்டியாக எடுத்து, ஒற்றி ஒற்றி ஈரத்தைத் துடைத்தார். பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி மெல்லத் துடைத்தார். பேப்பர் மஞ்சளாக, மஞ்சளாக வந்து, பிறகு வெள்ளையாக வந்தது. "தாரும் அந்தச் சோசை. நல்லா ஊறினால் ஒண்டும் தெரியாது" என்றார்.

ஞாயிறு மத்தியானம் கொழுக்கி போட்டுத் தொங்கவிட்டோம். மகள் தண்ணீர்த் தட்டை வைத்தாள். பாணி உருகியதும் நான் பூசினேன். ஓவன் கண்ணாடிக்குள் இறைச்சி சிவந்து, பிறகு மினுங்கி, ஓரங்கள் கருகத் தொடங்கின. அலாம் கத்தியது. மச்சாள் துவாயை எடுத்து விசுக்கினார். பார்வைக்குக் குறையே இல்லை, அசல் அவர் சுட்டதுதான். மணமும் அதே மணமாகத்தான் என் மூக்குக்கு இருந்தது.

ஆனால் ருசி? படையலுக்கு ஆக்கியதை உப்புப் பார்க்கக்கூடாது. அவர் சாப்பிடும் முன் வேறு யாருடைய நாக்கிலும் படக்கூடாது. மகள் ஒரு துண்டு தின்றால் போதும், ஒரு கணத்தில் சொல்லிவிடுவாள், மஞ்சள் தெரிகிறதா இல்லையா என்று. அவள் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மச்சாள் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. சரி, வந்து சாப்பிட்டுவிட்டு அவரே சொல்லட்டும் என்று விட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனதுக்குள் அப்படியேதான் நினைத்தேன்.

முன் அறையில் அவருடைய படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு எல்லாவற்றையும் படைத்தோம். சோறு, ஆடு, மீன், நண்டு, பிரண்டி. சார் சியூவைச் சரித்து வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து, நீள வரிசையாக அடுக்கினேன். ஒரு துண்டை யாரும் உருவினால் வரிசை குலைந்துவிடும், உடனே தெரியும். மச்சாள் அந்தத் தட்டைத் தன் கையால் எடுத்து இலைக்குப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். செத்தவர் வந்து சாப்பிடுகிற நேரம் அறைக்குள் யாரும் நிற்கக்கூடாது.

நடையில் சப்பாத்துகளுக்கு நடுவே நின்றோம். சொந்தக்காரர்கள் குசினிப் பக்கம் மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமில்லாமல் சொல்லவேண்டியிருக்கிறது: நான் காது கொடுத்துக் கேட்டேன். படித்தவள், கவுன்சில் ஒஃபிஸில் காலமெல்லாம் வேலை பார்த்தவள், கதிரை இழுபடுகிற சத்தம் வருமா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். வாருங்கோ, வந்து சாப்பிடுங்கோ என்றேன் மனதுக்குள். மஞ்சள் போட்டிட்டன், ஏசுங்கோ. கத்துங்கோ, பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப்பார்க்கட்டும். ஒரு துண்டாவது எடுங்கோ.

ரோட்டில் பஸ் ஒன்று நின்று மூச்சு விட்டுப் புறப்பட்டது. வேறு சத்தம் இல்லை.

மச்சாள் கதவில் தட்டி, சற்றுப் பொறுத்து, திறந்தார். மற்றவர்கள் கும்பிட்டபடி வந்தார்கள். நான் எல்லோரையும் முந்திக்கொண்டு போய் அந்தத் தட்டுக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். வரிசை குலையவில்லை. நான் வைத்த வாக்கிலேயே, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி, ஒரு துண்டும் அசையாமல் இருந்தது. பிரண்டியும் ஊற்றிய அளவிலேயே நின்றது.

மச்சாளுக்கு நான் என்ன பார்க்கிறேன் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் குந்தி, என் தோளில் கையை வைத்தார். "போன ஆக்கள் சாப்பாட்டைத் தொடமாட்டினம். மணத்தைத்தான் எடுப்பினம். அவன் வயிறாரச் சாப்பிட்டிட்டான், நீர் யோசியாதையும்" என்றார்.

நான் தட்டின்மேல் குனிந்து மணந்து பார்த்தேன். பாணி, கருகிய ஓரம், ஐந்து சரக்குத் தூள். அடியில், மிக மெலிதாக, மஞ்சள். ஓவனில் இருந்து எடுத்தபோது இருந்த மணம் கொஞ்சமும் குறையாமல் முழுதாக இருந்தது.

"மணமும் இருக்குது, மச்சாள்" என்றேன். "அவர் வரேல்லை."